மாட்டுப்பட்டியில் வளர்ந்தவர்கள் பேசட்டும்: சீகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவாத இழை

மாயாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்) எழுதியது:

நீலகிரி மலையடிவாரத்துச் சீகூர்ப் பகுதியில், மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், சிறியூர் பக்கத்தில் மாட்டுப்பட்டி வைத்திருந்த குடும்பங்களில் பிறந்தவர்கள் இந்தக் குழுவில் பலர் இருக்கிறீர்கள். வனத்தில் மாடு மேய்ப்பது பற்றி அண்மையில் இங்கே நடந்த வாதங்களில் புலியைப் பற்றியும் காட்டைப் பற்றியும் மேய்ச்சலுக்குத் தடை விதித்த நீதிமன்ற ஆணையைப் பற்றியும் நிறையப் பேசப்பட்டது. அந்தப் பட்டிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு என்ன தெரியும், அந்த வளர்ப்பு அவர்களுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்காமல் விட்டது என்பதை எவரும் கேட்கவில்லை. அதைப் பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சில விவரங்கள். உதகையிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கினால், குளிரும் தேயிலையும் முடிந்து, முள்மரமும் புழுதியுமான நிலம் தொடங்குகிறது. மழைமறைவுப் பகுதி என்பதால், மேலே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற மாதங்களில் இங்கே பெரும்பாலும் காற்றுதான் வீசும். வடக்கே மாயாறு ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. மழையை நம்பி விதைத்தால் மழை தவறும். மழை தவறாத ஆண்டில் விளைந்ததை யானை தின்றுவிடும். ஆகவே மாடுதான் குடும்பத்தின் சேமிப்பாக இருந்தது. கன்று குடித்தது போக ஒரு லிட்டர் பால்கூடத் தேறாத, சிறிய உடம்பும் உறுதியான குளம்பும் கொண்ட நாட்டு மாடுகள் அவை. பாலுக்காக அவற்றை யாரும் வளர்க்கவில்லை, சாணத்துக்காக வளர்த்தார்கள். பகலெல்லாம் காட்டில் மேய்ந்துவிட்டு இரவில் முள்வேலிப் பட்டியில் அடைபடும் மாடுகள் இடும் சாணத்தை அவற்றின் குளம்புகளே மிதித்துத் தூளாக்கிவிடும். அது காய்ந்ததும் வாரிக் குவித்து வைத்தால், கூடலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் எருவாக லாரியில் போகும். எங்கள் வீட்டில் மளிகைக்கடைக் கடன் தீர்ந்ததும், பள்ளிக்குப் புத்தகம் வாங்கியதும், அக்காவின் திருமணம் நடந்ததும் எரு விற்ற பணத்தில்தான்.

பட்டியில் பிறந்த பிள்ளைக்கு வேலை மிகச் சிறு வயதிலேயே தொடங்கிவிடும். முதலில் கன்றுகளைக் காவல் காப்பது. பிறகு மாலையில் மாடுகள் உட்கார்ந்தவுடன் காதுமடலுக்குள்ளும் வாலடியிலும் மடிக்கு மேலும் விரலை விட்டு உண்ணி பிடுங்குவது. அதன் பிறகு பெரியவருடன் காட்டுக்குப் போவது. மாடுகளை எண்ணிக்கையால் சரிபார்க்கிற வழக்கம் என் தந்தைக்கு இல்லை. பட்டி வாயிலில் முள்படலை ஒதுக்கிவிட்டு ஓரமாக நிற்பார். ஒவ்வொன்றாக உள்ளே நுழையும்போது அவற்றின் முகத்தையும் நடையையும் பார்ப்பார். கடைசி மாடு நுழைந்ததும் எது வரவில்லை என்று பெயர் சொல்லிவிடுவார். நானும் அதே முறையில்தான் பழகினேன். இன்றைக்கும் ஒரு மந்தையைப் பார்த்தால் எண்ணத் தோன்றுவதில்லை, முகங்களைத்தான் பார்க்கிறேன்.

காட்டுக்குள் போவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். யானை நமக்கு எதிர்க்காற்றில் நின்றால் நம் வாடை அதற்குத் தெரியாது. அப்போதுதான் நெருக்கத்தில் போய்ச் சிக்கிக்கொள்வோம். மாடுகள் மேய்ச்சலை நிறுத்தி ஒரே திசையில் காதைத் திருப்பி மூச்சை உறுமி விட்டால் அந்தப் புதரை விட்டு விலக வேண்டும். கடமான் ஓரிடத்தில் நின்றபடி திரும்பத் திரும்பக் கத்தினால் அங்கே புலி அல்லது சிறுத்தை நகர்கிறது என்று கொள்ள வேண்டும். கோடையில் புல் காய்ந்த பிறகு பசியால் உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்கு, வெயில் பட்டதும் மூக்கும் வெள்ளைத் தோலுள்ள இடங்களும் வீங்கி உரிந்துவிடும். அதை நிழலில் கட்டிப் பசுந்தழை கொடுத்துப் பிழைக்க வைக்க வேண்டும். புண்ணில் புழு வைத்துவிட்டால் சீத்தா இலையை அரைத்து அப்ப வேண்டும். இவையெல்லாம் எங்களுக்குப் பத்து வயதில் தெரிந்த செய்திகள்.

என் தம்பி இன்றும் பட்டி வைத்திருக்கிறான். அவன் மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். அந்தப் பையனுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுப்பதா, விலக்கி வைப்பதா என்பது எங்கள் குடும்பத்தில் நடக்கிற பேச்சு. உங்கள் வீடுகளிலும் அது நடந்திருக்கும். நீங்கள் எப்படி வளர்ந்தீர்கள், உங்கள் பிள்ளைகளுக்கு அதில் எதைக் கொடுக்க விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள்.

கோத்தகிரி மகள் எழுதியது:

மாயாற்றங்கரை அண்ணாவுக்கு வணக்கம். நீங்கள் கீழே இருந்து எழுதினீர்கள். நான் மேலே இருந்து எழுதுகிறேன். எங்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், என் பாட்டனார் காலத்தில் எருமையும் பசுவும் இல்லாத படகர் வீடே கிடையாது. ஆனால் உங்கள் பதிவில் வரும் பிள்ளை என்பவன் ஆண்பிள்ளை. பெண்பிள்ளையின் வளர்ப்பு வேறாக இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த இழை பாதிதான்.

பழைய படகர் வீடுகளில் பால் பாத்திரங்களை வைப்பதற்கு ஹாகோட்டு என்று தனி அறை இருந்தது. அதற்குள் பெண்கள் நுழையக் கூடாது. பால் கறப்பதும் ஆண்களின் வேலை. சிறுவன் முதன்முறையாகப் பால் கறப்பது ஒரு சடங்காகவே நடந்தது. அன்று முதல் அவன் வீட்டுக் காரியங்களில் ஆண்களோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டான். பெண்ணுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. தொழுவத்தைக் கூட்டுவதும், சாணத்தைக் கூடையில் சுமந்து தோட்டத்துக்குக் கொண்டுபோவதும், பள்ளத்திலிருந்து தண்ணீர் எடுப்பதும், மழை நாட்களில் புல் அறுத்து வருவதும் எங்கள் பாட்டிமாரின் வேலைகளாக இருந்தன. ஓர் எருமை தீனியைக் குறைத்ததையோ அதன் சாணம் மாறியதையோ முதலில் கவனித்தவர்கள் அவர்கள்தாம். ஏனென்றால் அந்தச் சாணத்தைக் கையால் அள்ளியவர்கள் அவர்கள். நோய் வந்திருக்கிறது என்று பாட்டி சொல்வார். வைத்தியம் செய்கிறவர் தாத்தா. ஊரில் பெயரும் தாத்தாவுக்குத்தான். நான் பிறந்தபோது ஹாகோட்டுக் கட்டுப்பாடு எங்கள் வீட்டில் தளர்ந்துவிட்டிருந்தது. என் தாயார் கறந்தார், நானும் கறந்தேன்.

மேய்ச்சல் நிலம் எப்படிப் போயிற்று என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். மலையின் மேல்தட்டு முழுவதும் இயற்கையில் புல்வெளி. பள்ளங்களில் மட்டும் சோலை. 1840-களில் தொடங்கி வந்த யூகலிப்டஸும், பின்னர் தோல் பதனிட உதவும் பட்டைக்காக நட்ட சீகை மரமும், உருளைக்கிழங்கும், கடைசியில் தேயிலையும் அந்தப் புல்லைத் தின்றுவிட்டன. எங்கள் ஊரில் எருமை குறைந்ததற்கு யாரும் தடை போடவில்லை. மேய்ப்பதற்கு இடமில்லாமல் போயிற்று, தேயிலையில் மாதந்தோறும் காசு வந்தது, ஆகவே விற்றார்கள். மாடு எருமைகளுக்கு உப்புநீர் கொடுக்கும் உப்பு ஹட்டுவ பண்டிகை மட்டும் நிற்கவில்லை. எருமை இல்லாத வீட்டாரும் அடுத்த வீட்டு மாட்டுக்கு உப்புநீர் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

கூடலூர் ஆசிரியை எழுதியது:

மாயாற்றங்கரை ஐயா அவர்களின் பதிவை மரியாதையுடன் படித்தேன். அவர் சொன்ன அறிவு உண்மையானது. என் வகுப்பில் இருந்த பட்டிப் பிள்ளைகள் சிலர், காய்ந்த எச்சத்தை உடைத்துப் பார்த்து அது செந்நாயுடையதா சிறுத்தையுடையதா என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதே பிள்ளைகள் அறிவியல் தேர்வில் தோற்றதையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தோல்விக்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. வகுப்பில் இருக்க வேண்டிய நாட்களில் அவர்கள் காட்டில் இருந்தார்கள்.

இதைக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடை வறட்சியில் மாடுகளைத் தொலைவுக்கு ஓட்டிச் செல்ல வேண்டிய மாதங்களும், பள்ளியில் ஆண்டுத் தேர்வு நடக்கும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. மேய்ப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் பதிலுக்குப் போவது வீட்டுப் பிள்ளை. ஓரிரு வாரம் வராத பிள்ளை திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்காருவான். மறுமுறை வராமல் போனால் நின்றுவிடுவான். சொந்த மாடு உள்ள வீட்டுப் பிள்ளையின் நிலை இதுவென்றால், பிறர் மாட்டைக் கூலிக்கு மேய்க்கும் இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். மாட்டின் உரிமையாளர் மசினகுடி கடைவீதியில் இருப்பார், மேய்ப்பவர் பட்டிக்குப் பக்கத்துக் குடிசையில் இருப்பார், எரு விற்ற பணத்தில் பெரும்பகுதி யாருக்குப் போகும் என்பதை இந்த இழையில் எழுதுகிறவர்கள் அறிவார்கள். பட்டியில் வளர்ந்ததன் இனிமையை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் மாட்டின் உரிமையாளர் வீட்டுப் பிள்ளைகள் என்பது என் கணிப்பு. ஐயாவின் தம்பி மகன் பத்தாம் வகுப்பை முடிக்கும் வரையாவது பள்ளி நாட்களில் காட்டுக்குப் போகக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

சோலைப்புல் எழுதியது:

நான் சூழலியல் படிக்கும் மாணவன்; என் சொந்த ஊர் குன்னூர். இந்த இழையின் பொருள் வளர்ப்பு என்பதால் வனச்சட்ட விவாதத்துக்குள் இழுக்க விரும்பவில்லை. ஆயினும் பட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படாத ஒரு கணக்கு உண்டு. காட்டில் தின்ற புல், சாணமாகிக் காட்டிலேயே விழுந்தால் அந்தச் சத்து மண்ணுக்குத் திரும்பும். பட்டியில் விழுந்து லாரியில் ஏறி வேறு மாநிலத்துத் தோட்டத்துக்குப் போனால், ஆண்டுதோறும் இந்த வறண்ட காட்டு மண்ணிலிருந்து சத்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். மேய்ச்சல் மிகுந்த இடங்களில் புல் மெலிந்து உண்ணிச்செடி பெருகுவதையும், புள்ளிமானும் காட்டெருமையும் அதே புல்லுக்கு அலைவதையும் நேரில் காணலாம். மாடு தின்ன விரும்பாத செடிதானே கடைசியில் மிஞ்சும்?

நோயையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் மாட்டினத்தைக் கொல்லும் தொற்றுநோயான வெக்கை நோய் பரவிக் காட்டெருமைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. காடும் பட்டியும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் நோய்க்கு வேலி கிடையாது.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழக வனங்கள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்திலேயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. புலிகள் காப்பகமான முதுமலையை ஒட்டிய ஊர்களுக்கு அந்தத் திருத்தத்தால் பெரிய மாற்றமில்லை. நான் கேட்பது இதுதான்: சட்டமும் மண்ணும் இரண்டும் எதிராக நிற்கும் ஒரு தொழிலுக்குப் பிள்ளையைப் பழக்குவது அவனுக்குச் செய்யும் நன்மையா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

வெக்கை நோயைப் பற்றித் தம்பி சொன்னது சரி. அந்த நோய் இன்று உலகிலேயே இல்லை. 2011-இல் அது முற்றாக ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியால்தான் ஒழிந்தது, அந்தத் தடுப்பூசியைக் காட்டோரத்துப் பட்டி மாடு வரை கொண்டு சேர்த்ததில் மேய்ப்பவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. கயிறு கட்டியறியாத மாட்டைப் பிடிப்பதற்கு மருத்துவரால் முடியாது. கொம்பையும் மூக்கையும் எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த மாடு பக்கவாட்டில் உதைக்கும், எதைப் பின்னாலிருந்து நெருங்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கோமாரியோ சப்பை நோயோ தொடங்கியதை எனக்கு முதலில் சொன்னவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். ஒரு மாடு முன்னங்காலை உதறி உதறி வைக்கிறது என்று சொல்லி அனுப்புவார்கள். போய் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் கொப்புளம் இருக்கும்.

நான் சொல்ல விரும்புவது பாறுகளைப் பற்றி. பிணந்தின்னிக் கழுகு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்தப் பறவைகள்தாம். மாடு காணாமல் போனால் வானத்தைப் பார்க்கும் பழக்கம் பட்டிப் பிள்ளைகளுக்கு இருந்தது. பாறு வட்டமிட்டு இறங்கும் இடத்தில் மாடு செத்துக் கிடக்கும். பிறகு இந்தியா முழுவதும் பாறுகள் மறைந்தன. மாட்டின் வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து இறந்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்பதால் 2015-இல் அந்தப் புட்டிகளும் தடுக்கப்பட்டு, ஒருமுறை ஊசிக்கு மட்டும் போதுமான அளவில் விற்கும் விதி வந்தது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய மருந்துகளும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. இவற்றுக்கு மாற்றாகப் போடக்கூடிய மெலாக்சிகம் பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை.

தென்னிந்தியாவில் பாறுகள் இன்னும் கூடு கட்டி வாழும் இடங்களில் சீகூரும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் முதன்மையானவை. வெண்முதுகுப் பாறு அங்கே ஆற்றோர மரங்களில் கூடு கட்டுகிறது. இது ஏன் என்று சிந்தியுங்கள். அங்கே காட்டு விலங்கின் சடலமும் உண்டு, மாட்டின் சடலமும் உண்டு. அந்த நாட்டு மாடுகளுக்கு ஊசி மருந்து அரிதாகவே போடப்பட்டது. பட்டி மாடு அந்தப் பறவைக்குத் தீமையாகவும் இருக்க முடியும், இரையாகவும் இருக்க முடியும். எதுவாக இருக்கும் என்பது பட்டிக்காரர் மருந்துக்கடையில் எதைக் கேட்டு வாங்குகிறார் என்பதையும், புலி அடித்த மாட்டின் மீது ஆத்திரத்தில் விஷம் தெளிக்காமல் இருக்கிறாரா என்பதையும் பொறுத்தது. விஷம் வைத்த சடலத்தில் புலி மட்டும் சாவதில்லை. பாறுகள் ஒரு கூட்டமே அழிந்துவிடும். இந்த இரண்டையும் பட்டிப் பிள்ளைகளுக்கு யாரேனும் முறையாகச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

மாயாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கோத்தகிரித் தங்கை எழுதியது எங்கள் பட்டிக்கும் பொருந்தும். கன்றுக்குக் கழிச்சல் கண்டால் முதலில் அறிந்தவர் என் தாயார். எரு அள்ளிய கையும் அவருடையதே. லாரிக்காரரிடம் விலை பேசியவர் மட்டும் அப்பா.

ஆசிரியை அம்மாவின் வேண்டுகோளைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். பள்ளி நாளில் பையனைக் காட்டுக்கு அனுப்புவதில்லை என்று அவன் முன்பே முடிவு செய்திருக்கிறான். சனி, ஞாயிறுகளில் மட்டும் பையன் அவனுடன் போகிறான். கூலி மேய்ப்பவரின் பிள்ளைகள் பற்றி அவர் எழுதிய பத்தியை இந்த இழையில் எல்லோரும் மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் இங்கே எழுதவில்லை, அவர்களுக்காக நானும் எழுத முடியாது.

சோலைப்புல் தம்பிக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். எருவோடு மண்ணின் சத்து வெளியேறுகிறது என்ற கணக்கை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் மாடு மட்டும் நிற்கக் கூடாது. 1932-இல் சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் வந்தது. அதன் பிறகு மாயாறு மின்நிலையம் வந்தது. அணைக்கட்டு வேலைக்கும் கால்வாய் வேலைக்கும் வந்த பல குடும்பங்கள் வேலை முடிந்த பிறகு இங்கேயே தங்கி மாடு பிடித்தார்கள். அதன் பிறகு விடுதிகள் வந்தன. ஆற்றோரத்து நிலம் விடுதிக்கு விற்கப்பட்ட இடங்களில் மாடு தண்ணீருக்குப் போகும் வழி அடைபட்டது, யானையின் வழியும் அடைபட்டது. இத்தனைக்கும் நடுவில் பட்டியை மட்டும் காட்டின் எதிரி என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னால், அவன் நேரில் பார்ப்பதும் நாம் சொல்வதும் ஒத்துப்போகாது.

சட்டம் முழுவதும் எதிராக நிற்கிறது என்பதும் சரியன்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை வனத்தில் வாழ்வோரின் சமூக உரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. கிராம சபையில் வைத்து அதைக் கோர வேண்டும். யாருடைய மாடு, எத்தனை மாடு, எந்த இடம், எந்தப் பருவம் என்பதையெல்லாம் அங்கேயே பேசித் தீர்மானிக்க வேண்டும். கடைவீதி முதலாளியின் பெரிய மந்தையையும் குடிசைக்காரரின் ஐந்தாறு மாட்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. மந்தையைக் குறைப்பதற்கு நான் எதிரி அல்லன். எங்கள் தம்பியே பாதிக்கு மேல் குறைத்துவிட்டான். குறைப்பதா, நிறுத்துவதா என்ற முடிவை, இரவில் அந்தப் பட்டிக்குப் பக்கத்தில் படுத்து உறங்குகிறவர்கள் எடுக்க வேண்டும் என்பதில்தான் நான் உறுதியாக நிற்கிறேன். அவர்கள் அதைத் தெளிந்து எடுப்பதற்காகவாவது அவர்களுடைய பிள்ளைகளுக்கு மாட்டையும் தெரிந்திருக்க வேண்டும், தம்பி சொன்ன மண்கணக்கையும் தெரிந்திருக்க வேண்டும்.

மன்னவனூர்க்காரர் எழுதியது:

பழனி மலையிலிருந்து ஒரு பதிவு. கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் வீட்டில் இரண்டு மூன்று கறவை மாடுகளோடு பொதிக்குதிரைகள் இருந்தன. சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் வயல்களிலிருந்து பூண்டு மூட்டையையும் உருளைக்கிழங்கையும் சாலை வரை கொண்டுவருவது குதிரைகள்தாம். வெள்ளகவி போன்ற ஊர்களுக்குச் சாலை வசதி இல்லாமல் அரிசியும் மண்ணெண்ணெயும் குதிரை முதுகில்தான் நெடுங்காலம் போயின.

குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு முதற்பாடம் முதுகு. பொதியை இறக்கியதும் சேணத்துணியை எடுத்துவிட்டு, முதுகெலும்பின் இருபுறமும் உள்ளங்கையை அழுத்தி வருட வேண்டும். எந்த இடத்தில் தோல் துடிக்கிறதோ அங்கே நாளைக்குப் புண் வரும். மூட்டையின் எடை இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் இறக்கத்தில் குதிரை ஒரு பக்கம் சாய்ந்து நடக்கும், அதைப் பின்னால் நடக்கும் பிள்ளை பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளும் முயல்களும் அங்கே வளர்க்கப்படுகின்றன. அதைச் சுற்றியுள்ள புல்வெளியில் ஆடுகள் மேய்வதைப் பார்த்து வளர்ந்த எங்களில் சிலர் அங்கே வேலைக்கும் போனார்கள். கால்நடை அறிவைச் சம்பளமாக மாற்றக்கூடிய ஓர் இடம் ஊருக்கு உள்ளேயே இருந்ததால், படிப்பா மேய்ச்சலா என்ற சண்டை எங்கள் வீடுகளில் சற்றுக் குறைவாக இருந்தது என்று நினைக்கிறேன். சீகூர்ப் பக்கத்தில் நாட்டு மாட்டுக்கென்று அப்படி ஓர் இடம் ஏற்பட்டிருந்தால் ஆசிரியை அம்மா சொன்ன பிள்ளைகளில் சிலருக்கேனும் வேறு வழி திறந்திருக்கும்.

இளங்கன்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆனைகட்டிப் பக்கம். அப்பாவுக்கு உடல்நலம் இல்லாததால் இந்த ஆண்டு முதல் எங்கள் மாடுகளை நானே பார்த்துக்கொள்கிறேன். கல்லூரியை அஞ்சல் வழியில் முடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சினைமாடு மாலையில் மந்தையோடு திரும்பவில்லை என்றால் இரவிலேயே தேடப் போக வேண்டும் என்கிறார் பக்கத்துப் பட்டிக்காரர். போகாதே என்கிறார் அப்பா. மாயாற்றங்கரை அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?

மாயாற்றங்கரை எழுதியது:

தம்பி, இரவில் போகாதே. அப்பா சொல்வதே சரி. ஈனப் போகும் மாடு தானாகவே மந்தையை விட்டு ஒதுங்கி, தண்ணீருக்கு வெகு தொலைவில் இல்லாத ஓர் அடர்ந்த புதரைத் தேடும். விடிந்து பனி விலகியதும் இரண்டு பேராகப் போங்கள். காப்பகத்துக்கு உட்பட்ட இடமாக இருந்தால் வேட்டைத் தடுப்புக் காவலரிடம் சொல்லி அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். கன்றைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தாய் தள்ளி நின்று மேயும். ஆள் வந்தால் கன்று இருக்கும் பக்கத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். நீங்கள் நகராமல் காத்திருந்தால் மடி கனத்து அதுவே கன்றிடம் போகும். கன்றை நீ தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நட. தாய் பின்னால் வந்துவிடும். கூட வருபவர் தாய்க்குப் பின்னால் வரட்டும், உனக்கும் தாய்க்கும் இடையில் வரக் கூடாது. நஞ்சுக்கொடி விழுந்த வாடைக்குச் சிறுத்தை வரும் என்பதால் அந்த இடத்தில் தங்க வேண்டாம்.

அதைவிட நல்லது, மாடு ஒதுங்கும் முன்பே தெரிந்துகொள்வது. மடி இறங்கி, காம்பு பளபளத்து, வாலடியின் இருபுறமும் தசை தளர்ந்து குழி விழுந்துவிட்டால் அதைக் காட்டுக்கு விடாமல் பட்டியிலேயே நிறுத்தித் தழை வெட்டிப் போடு. இதில் ஐயம் இருந்தால் மாலையில் வாலடியைப் படம் எடுத்து இங்கே போடு. மருத்துவர் ஐயாவும் பார்ப்பார், நானும் பார்த்துச் சொல்கிறேன்.